அதிர்வெண் ஜாஸ்தியான குரல்

ஜனவரி 8, புதன்

நெம்புகோல் மூன்று வகையும் முடித்தேன். கத்தரிக்கோல் முதல் வகை, பாக்குவெட்டி இரண்டாம் வகை. பத்தாம் வகுப்பு அறிவியலில் அன்று கோட்டைவிட்ட மார்க்கை முப்பத்தாறு வயதில் எடுக்கப் போகிறேனாம்! கேள்வி கேட்பது என் வீட்டுக்காரர் பொறுப்பு. பீரோ பட்டறையிலிருந்து வந்ததும் கை கழுவிவிட்டுப் புத்தகத்தைப் பிடிப்பார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிச் சப்பாத்தி போட்டுக்கொண்டே பதில் சொல்வேன். "கரெக்ட், கரெக்ட்" என்கிறார். எனக்கே பெருமையாக இருக்கிறது.

ஜனவரி 11, சனி

தனித்தேர்வர்களுக்குச் செய்முறை வகுப்பு. "கிரிவலம் பதினாலு கிலோமீட்டர். கிளம்பின இடத்துக்கே வந்துட்டா இடப்பெயர்ச்சி எவ்வளவு?" என்று நந்தினி டீச்சர் கேட்டார். பூஜ்யம் என்று நான்தான் முதலில் சொன்னேன். பக்கத்தில் உட்காரும் சரசு அக்கா, "அப்போ என் கால்வலி எந்தக் கணக்குல வரும்?" என்றதும் வகுப்பே சிரித்தது.

அழைத்துப்போக அவர் வந்திருந்தார். முகத்திரையைப் போட்டுக்கொண்டு தேரடி வீதி முழுக்க இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஒரு வார்த்தை? ம்ஹும். நேரே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு வருடமாக இப்படித்தான். தெருவில் நான் எது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. என்னோடு பேசவே அலுத்துவிட்டதா? கேட்கவும் பயம் — ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

ஜனவரி 18, சனி

வகுப்புத் தேர்வில் இருபத்தைந்துக்குப் பதினொன்று. விசையின் அலகு ஜூல், வேலையின் அலகு நியூட்டன் என்று மாற்றி எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் வீட்டில் "கரெக்ட்" வாங்கியவள் நான்.

"புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டே தப்பைக் கரெக்டுன்னு சொல்வீங்களா? நான் பாஸாகறது உங்களுக்குப் பிடிக்கலயா?"

என் முகத்தையே பார்த்தார். "நீ ஜூல்னு சொல்லலயே" என்றார். பொய் வேறு!

ஜனவரி 20, திங்கள்

பேசவில்லை. அவரும்தான்.

ஜனவரி 25, சனி

இன்று ஒலி. இரண்டு இசைக்கவைகளைத் தட்டிக் காட்டினார் டீச்சர். பெரியதற்கு அதிர்வெண் கம்மி, சின்னதற்கு ஜாஸ்தி. பிறகு, போகிறபோக்கில் சொன்னார்: "வருஷக்கணக்கா பெரிய சத்தத்துல வேலை செய்றவங்களுக்கு அதிர்வெண் ஜாஸ்தியான ஒலிதான் முதல்ல கம்மியாகும். லாரி சத்தம் நல்லா கேக்கும். பொம்பளைங்க பேசறது புரியாது."

அதற்குமேல் எனக்கு எழுத ஓடவில்லை. பதினெட்டு வருடமாகத் தகரம் தட்டுகிற மனிதர். அடுப்படியில் என் முதுகுதான் அவருக்குத் தெரியும். தெருவில் முகத்திரை. என் உதடு தெரிந்தால்தான் சரியான பதில் வருகிறது. யா அல்லாஹ்.

ஜனவரி 26, ஞாயிறு

பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்று, அவர் பேரைச் சொல்லியே, "நசீர் அகமது ஒரு கழுதை" என்றேன். நன்றாக, கணீரென்று. அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

முன்னால் வந்து உட்கார்ந்தேன். என் கண்ணைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். செவிடன்னு பேரு வந்துட்டா பட்டறைக்கு எவன் வருவான்? நீதான் என்ன நெனப்ப? உன் வாயைப் பார்த்தே ஒப்பேத்திட்டேன்."

"திரும்பி நின்னு சொன்னதுக்கெல்லாம் கரெக்டுன்னீங்களே?"

"நீ தப்பா சொல்லுவேன்னு எனக்குத் தோணவே இல்ல மெஹ்ஜபீன்."

பாவி மனுஷன். இந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன்!

பிப்ரவரி 10, திங்கள்

இவருக்கு எவ்வளவு கேட்கிறது என்று காது டாக்டர் கோடு போட்டுக் காட்டினார். அதிர்வெண் கம்மியான பக்கம் சமமாகப் போய், ஜாஸ்தியான பக்கம் சாய்தளம் மாதிரி இறங்குகிறது. மெஷின் வைக்கலாம் என்றார். வேண்டாம், பார்க்கிறவன் சிரிப்பான் என்று முரண்டு பிடித்தார் இவர். டாக்டர் என்னைக் காட்டி, "இவங்களுக்காகவாவது போடுங்க" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எப்போ வரும்?" என்று இவரே கேட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

இப்போதெல்லாம் எதிரே உட்கார்ந்துதான் பதில் சொல்கிறேன். சப்பாத்தி தீய்கிறது.

மார்ச் 1, சனி

காலையில் மெஷின் மாட்டிக்கொண்டார். கொஞ்சம் கூச்சம். நான் பாட்டுக்கு மாவு தேய்த்துக்கொண்டு, வழக்கம்போல வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்தேன் — ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதைப் பற்றி.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எடுத்துட்டேன். மேல திட்டு."

பூரிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். அதுவும் அவருக்குக் கேட்டுவிட்டது.