வலென்சியாவில் சைக்கிள் ஓடினது நான்தான்

பீலெஃபெல்ட், யேர்மனி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைஞ்சிருக்கும் எண்டு நம்பிறன். நான் நல்ல சுகம், வெட்கம்தான் கூட. அப்பாவின்ர முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு லீவு கிடைக்கேல்லை எண்டது பொய். அந்த லீவில் ஸ்பெயினுக்குப் போய், வலென்சியாவில் சைக்கிள் ஓடினன். பக்கத்து வீட்டு யோசப்பின் அக்கா பேஸ்புக்கில் வந்த படத்தைக் காட்டியிருப்பா. இறுக்கின காற்சட்டையில் தொப்பையோட நிக்கிறது நான்தான்.

அங்க ஆறு ஓடின பள்ளத்தைப் பூங்காவாக்கி வைச்சிருக்கினம். தோடை மர நிழலிலும், சிப்பி மாதிரி வெள்ளைக் கட்டடங்களுக்குப் பக்கத்தாலும் ஓடினன். கடற்கரையில் மட்டிச் சோறு பாதி சாப்பிடேக்கைதான் திகதி நினைவு வந்தது. உடனே பெரிய கோயிலுக்கு மிதிச்சன்.

"பார்க்க வந்தீங்களோ, செபிக்க வந்தீங்களோ?" எண்டு வாசலில் கேட்டினம். தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாய் நிண்ட நான், "பார்க்க" எண்டிட்டன். பிறகு, டிக்கெட்டோட தந்த, கூரை வளைவுகளின்ர வரலாறு சொல்லுற கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, அப்பாவுக்காக ஒரு செபமாலை சொல்லி முடிச்சன்.

அப்பா இல்லாத வீட்டுக்கு வரப் பயந்தன், அம்மா. வேற காரணம் இல்லை.

மார்கழியில் கட்டாயம் வாறன். அதுவரைக்கும் அப்பாவின்ர சட்டைகளை ஆருக்கும் குடுத்திடாதேங்கோ. எனக்கு இப்ப அளவாயிருக்கும்.

வேலைக்குப் போற பஸ் வருது.

உங்கட மகன்,
யூட்