தள்ளி நின்ற பெண்மான்

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். ரொறன்ரோவில் நீங்களும் அத்தானும் ஆரணியும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கே லிப்ட் மறுபடியும் பழுது. மரக்கறிப் பையோடு ஐந்தாம் மாடிக்கு ஏறி ஏறி நான் பாதியாகிவிட்டேன். நீங்கள் அங்கே ஜிம்முக்குக் காசு கட்டுகிறீர்கள். எங்கள் பெடியன்கள் இருவரும் சோதனைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு போனுக்குள் கிடக்கிறார்கள்.

போன கிழமை நீங்கள் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். வீடியோவில் என்னோடு கதைத்த நாளெல்லாம், சித்தி ஏன் தன்னைப் பார்த்து அழுகிறா என்று ஆரணி கேட்கிறாளாம், நித்திரை கொள்கிறாளில்லையாம். கொஞ்சக் காலம் கோல் எடுக்காமல் இருக்கச் சொன்னீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவதாய்ப் பெற்றதைப் பிள்ளையில்லாத அக்காவுக்கென்று தொப்புள்கொடி காயமுன்னே தூக்கித் தந்த எனக்கே கதவைச் சாத்துகிறாளா என்று பிரியந்தனிடம் கத்தினேன். பாவம் என் மனிசன், என் சத்தம் அடங்கட்டும் என்று எங்களைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் திரிவது உங்களுக்குத் தெரியும். பாதையோரப் புல்லுக்குள் ஒரு குட்டி தனியே படுத்திருந்தது. காதுகூட அசையவில்லை. தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கக் குனிந்தேன். பூ விற்கும் அம்மா ஓடிவந்து, "தொடாதைங்கோ பிள்ளை, தாய் அங்க நிக்குது" என்றார். தூரத்தில் ஒரு பெண்மான் மேய்ந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றால் அதன் வாடைக்கு நாய்கள் வந்துவிடுமாம், அதனால்தான் தள்ளி நிற்கிறதாம். நான் அந்த வெயிலில் நின்று விக்கி விக்கி அழுதேன்.

அந்த வாயில்லாச் சீவனுக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லையே அக்கா. இனி நானாகக் கோல் எடுக்க மாட்டேன். ஆனால் பொழுதுபட்டதும் அந்த மான் குட்டிக்குப் பால் கொடுக்கப் போய்விடும். அந்த இடத்தில்தான் எனக்கும் அதற்கும் சரிவரவில்லை.

எத்தனை பிள்ளைகள் என்று யாரும் கேட்டால் இரண்டு என்றே சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பிறிஜெற் அன்ரி மகனிடம் அங்கே வருகிறார், ஆரணிக்கு ஒரு சட்டை கொடுத்துவிடுகிறேன். கடையில் அளவு கேட்டார்கள், முழித்துக்கொண்டு நின்றேன். பெரிதாயிருந்தால் மடித்துத் தையுங்கள். நீங்கள் வாங்கியதென்றே சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குச் சொல்லுங்கள். சுகமான பிறகு சொன்னாலும் போதும்.

உங்கள் மகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆரணியின் சித்தி
தாரிகா