எண்ணிக்கைக்கு ஒரு பிள்ளை

20 ஏப்ரல் 2004, செவ்வாய்

லண்டன் கவுன்சில் ஆபீஸில் இன்று முழுக்க எட்மண்டன் வார்டுகளின் மக்கள்தொகைக் கணக்கு. வயிறு பெருத்துவிட்டதால் மேசைக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்துதான் தட்டச்சு செய்ய முடிகிறது.

மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து லோகன் அண்ணன் போன். “பிரமிளா, சட்டத்த மாத்துறாங்க! அடுத்த மாசத்துலேர்ந்து அம்மா சிங்கப்பூர்னாலும் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டாம். உனக்குன்னே மாத்தின மாதிரி இருக்கு!” இதுவரை வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அப்பா சிங்கப்பூரராக இருந்தால்தான் அந்த உரிமை. என் கணவர் கஸ்பரோ இலங்கைக்காரர்.

நாட்டில் பிள்ளைகள் போதவில்லை. ஒரு பெண்ணுக்கு ஒன்றே கால் பிள்ளை என்கிறது கணக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்தபோது ‘ஆணோ பெண்ணோ, இரண்டே போதும்’ என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். அண்ணன், அக்கா, அப்புறம் நான். “இது எதுக்கும்மா உனக்கு?” என்று கிளினிக்கில் நர்ஸ் கேட்டாராம். அம்மா அதை வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார். எனக்கு ஒரு நாளும் அது வேடிக்கையாக இருந்ததில்லை.

இப்போது அதே நாடு பிள்ளை கேட்கிறது. கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. சிறுபிள்ளைத்தனம்தான். இருக்கட்டுமே.

24 ஏப்ரல், சனி

கஸ்பரிடம் சொன்னேன். முதலில் கேலிதான். “அங்க என்னை என்னவெண்டு போடுவினம்?”

சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று இனத்துக்குப் படிவத்தில் நாலு பெட்டி. யாழ்ப்பாணம், மன்னார் என்றாலும் இந்தியர் பெட்டிதான் என்றேன்.

“நான் எப்ப இந்தியனானனான்? மற்றவரிலே போடச் சொல்லும்.”

இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் பதினாறு பெட்டி இருந்தும் அவர் ‘வேறு ஆசியர்’ தானே என்று சீண்டினேன். சிரித்தார். பிறகு கேட்டார்: “பெடியன் எண்டால்?”

“பதினெட்டு வயசுல இரண்டரை வருஷம் ராணுவம். எல்லாரும்தான் போறாங்க. லோகன் அண்ணனும் போனாரு.”

கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவினார். “பெட்டை எண்டால் பதிவம். பெடியன் எண்டால் ஏலாது.”

பெண்ணானால் ஒரு நியாயம், ஆணானால் ஒரு நியாயமா? ஏன் என்று கேட்டேன். தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

3 மே

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. உள்ளே இருப்பது மட்டும் உதைத்துக்கொண்டே இருக்கிறது.

9 ஜூன்

பையன். முந்தாநாள் காலையில். கஸ்பர் துணியை விலக்கி அதைத்தான் முதலில் பார்த்தார். அதற்குப் பிறகுதான் முகம்.

குடியுரிமைக்குப் பதிவதற்கு ஒரு வருடம் இருக்கிறது. இன்றைக்கே அதைப் பற்றி நினைக்கிறேனே, நான் என்ன பெண்?

17 அக்டோபர், ஞாயிறு

வேலை விஷயமாக வந்த லோகன் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். மருமகனுக்குப் பரிசு: பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்ட ராணுவச் சட்டை, கால்சட்டை, குட்டித் தொப்பி. “சின்ன சோல்ஜர்!” என்று அண்ணனுக்கு ஒரே பூரிப்பு. எனக்கும்தான். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் முழுக்க இந்த உடுப்பில் பையன்கள் தூங்கி வழிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். அம்மாக்கள் ரசம் வைத்துக் காத்திருப்பார்கள். எனக்கு அந்த நிறம் அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அனுப்பலாம் என்று பிள்ளைக்குப் போட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். ஷிப்ட் முடிந்து கஸ்பர் உள்ளே வந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது பிள்ளைக்கு வேறு சட்டை.

“என்னம்மா, நான் எதுவும் தப்பா…?” என்றார் அண்ணன். எனக்கே தெரியாதபோது என்ன சொல்ல?

19 அக்டோபர்

கஸ்பர் சொல்லிவிட்டார். கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது, அவருடைய தம்பி ‘இல்லை’ என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

“எங்கட பக்கம் இயக்கப் பெடியள் ஆக்களை எண்ணிக்கொண்டு வந்தவங்கள், பிரமிளா. இந்த வீட்டில ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள் எண்டு தெரிஞ்சுதான் வந்தவங்கள். வீட்டுக்கு ஒராள் தரவேணும் எண்டாங்கள். அம்மா என்னை லண்டனுக்கு அனுப்பிப்போட்டா. மிச்சம் ஜெஸ்ரின்தானே. பதினேழு வயசு.”

பிறகு, “எண்ணிறது எடுக்கிறதுக்குத்தான்” என்றார்.

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் நாடு அப்படி இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.

11 பிப்ரவரி 2005

வேலைக்குத் திரும்பி இரண்டாவது வாரம். அதே வார்டுகள், அதே கட்டங்கள். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் பள்ளிக்கூடம் கட்டலாம், பஸ் விடலாம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன். பொய்யில்லை. ஆனால் கஸ்பர் சொன்னதும் பொய்யில்லையே.

ஒன்று மட்டும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இவ்வளவு கேட்ட பிறகும் எனக்கு ஆசை போகவில்லை. மூன்றாவதாகப் பிறந்தவளின் பிள்ளையையாவது அவர்கள் வா என்று சொல்ல வேண்டும். ரோஷம்! ஆனால் ரோஷம் என்னுடையது, இரண்டு வருடம் அவனுடையது. (இப்போது இரண்டாகக் குறைத்துவிட்டார்களாம். அண்ணன் குதித்துக்கொண்டு சொன்னார்.)

29 மே, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “வெள்ளிக்கிழமை லீவு எடுத்திருக்கிறன். சிங்கப்பூர் தூதரகத்துக்குப் போய்ப் பதிஞ்சுபோட்டு வருவம்.”

“நெசமாவா?”

“நான் மாட்டன் எண்டால் நீர் ஒண்டும் சொல்லமாட்டீர். ஆனா ஆயுசுக்கும் மனசுக்குள்ள வச்சிருப்பீர். அது எனக்கு ஏலாது.”

சந்தோஷப்பட்டேன். இரவு பத்திரங்களை மூன்று தடவை எடுத்துச் சரிபார்த்தேன்.

3 ஜூன், வெள்ளி

வுட் கிரீனில் பாதாள ரயில் ஏறினோம். கஸ்பர் கல்யாணத்துக்குக் கட்டிய டையைக் கட்டியிருந்தார். பிள்ளை அவர் மடியில். நான் பத்திரங்களை மறுபடியும் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தன. செவ்வாய்க்கிழமையோடு அந்த ஒரு வருடம் முடிகிறது.

கிங்ஸ் கிராஸில் கூட்டம் ஏறியது. அப்போதுதான் கவனித்தேன். ஒரு கையால் பிள்ளையின் காலைப் பிடித்திருந்தார், கணுக்காலுக்கு மேலே, சந்தையில் கை நழுவிவிடக் கூடாது என்று பிடிப்பதுபோல. முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஜன்னலில் தெரிந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

ஹைட் பார்க் கார்னர். கதவு திறந்தது. அவர் எழப் பார்த்தார்.

“இருங்க,” என்றேன்.

“இதுதானே ஸ்டேஷன்?”

“தெரியும். இருங்க.”

கதவு மூடியது. அவர் என்னைப் பார்த்தார். நான் பத்திரங்களைப் பைக்குள் வைத்து மூடினேன். வலிக்கிறதா? வலிக்கத்தான் செய்கிறது, இதை எழுதும்போதும்.

ஹாமர்ஸ்மித் தாண்டி ரயில் வெயிலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிள்ளையின் காலை விட்டார். விரல் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தது.