நோன்பன்று வந்த நிம்மதி

23.8.96, வெள்ளி

வரலட்சுமி நோன்பும் அதுவுமாக இன்று காலை தூரமாகிவிட்டேன். கலசத்துக்கு எல்லாம் எடுத்து வைத்திருந்த மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். நான் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. போன மாதம் ஒரு ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாளே ராயப்பேட்டை டாக்டரம்மாவிடம் ஓடினேன். சாதாரணக் கருத்தடை மாத்திரையையே உடனே நாலு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து நாலு போடச் சொன்னார்.

"கருமுட்டை வெளிய வர்றத இது தள்ளிப்போடும்மா. ஏற்கெனவே கரு தங்கியிருந்தா கலைக்காது."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. நாள் வேறு நாலு தள்ளிப்போயிற்று.

மத்தியானம் எட்ட நின்றே கொழுக்கட்டைத் தட்டை நகர்த்தினார் மாமியார். "இன்னும் ஒரே ஒரு நாள் தள்ளிப் போகப்படாதோடி?"

தாங்காதும்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஐந்தாவது கொழுக்கட்டையை வாயில் போட்டேன்.