பக்கத்துத் தெருத் தறிச்சத்தம்

தருமபுரி, 1943

ஜூலை 8
யுத்தம் வந்ததிலிருந்து சாயப்பொடி கிடைப்பதில்லை. என்னிடம் நூல் இருக்கிறது, சிவப்பு இல்லை. பக்கத்துத் தெரு சென்றாயனிடம் சிவப்பு இருக்கிறது, நூல் இல்லை. இத்தனை வருஷமாக என் நெசவாளிகளை ஆசைகாட்டி இழுத்தவர் (நானும் அவருடைய வியாபாரிகளை இழுத்தவன்தான்) இன்று என் வாசலில் நின்று, "சேர்ந்து நெய்யலாங்களா?" என்கிறார். சரி என்றேன். வேறென்ன செய்ய?

ஜூலை 12
சாயப்பட்டறைச் சென்னம்மாள் என் நூலைச் சென்றாயனின் சிவப்பில் முக்கினாள். நான் இந்தப் பக்கம் நின்று நூலையே பார்க்கிறேன், அவர் அந்தப் பக்கம் நின்று பொடியையே பார்க்கிறார். "ரெண்டு பேரும் அந்தாண்ட போங்க சாமி, வேலையக் கெடுக்காதீங்க" என்று விரட்டிவிட்டாள்.

ஆகஸ்ட் 3
சேலைகள் மொரப்பூரில் ரயிலேறின. பெங்களூர்க் கடை ஏஜெண்டு குப்புராஜிடம் இருவரும் ஒரே விலைதான் சொன்னோம். முகம் சுண்டிப்போய்க் கொடுத்தார்.

ஆகஸ்ட் 17
குப்புராஜ் வந்தார். தீபாவளிச் சரக்குக்கு நூலும் சாயமும் அவரே தருவாராம், நமக்கு நெசவுக் கூலி மட்டும். "சென்றாயன் கம்மிக் கூலிக்கு ஒத்துக்கிட்டாருங்க. நீங்களும் குறைங்க. இல்லாட்டி மொத்தமும் அவருக்கே."
பாவி மனுஷன்! சென்றாயனைச் சொல்கிறேன். எனக்கு அப்போதே தெரியும். நூல் வராவிட்டால் என் தறிகள் நின்றுவிடும், நெசவாளிகள் சேலத்துக்கு மூட்டை கட்டுவார்கள். நானும் குறைத்துவிடுவதா?

ஆகஸ்ட் 18
ரங்கம்மாள் சோறு போட்டுக்கொண்டே, "பொண்டாட்டிகிட்டக் கத்தி என்ன ஆவப்போவுது? அவரு வூட்டுக்கே போயிக் கேளுங்க" என்றாள். பாதிச் சோற்றில் எழுந்து போனேன்.
கதவைத் திறந்ததுமே சென்றாயன் கத்தினார். "கூலியக் குறைச்சுட்டு இங்க எதுக்குங்க வந்தீங்க?"
அவரிடமும் அதையே சொல்லியிருக்கிறான் அந்தக் குப்புராஜ்! இருவரும் குறைப்பதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தோம்.

செப்டம்பர் 2
நூல் தீர்ந்தது. தறிகள் நிற்கின்றன. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

செப்டம்பர் 6
வெற்றிலை வாங்குவதுபோல் சென்றாயன் தெருவழியே போனேன். தறிச்சத்தம் இல்லை. அப்பாடா. சத்தியம் செய்தவரைச் சந்தேகப்படுகிறாயே, வெட்கமாயில்லை? இல்லை. சாயங்காலம் அவரும் என் தெருவுக்கு வெற்றிலை வாங்க வந்தார். இங்கே வெற்றிலைக்கடையே கிடையாது.

செப்டம்பர் 11
இன்னாசி குடும்பத்தோடு சேலம் போய்விட்டான். என் தறியில் கை பழகியவன். "கோவிச்சுக்காதீங்க, புள்ளைங்க பசி தாங்கல" என்றான். எந்த முகத்தோடு கோபிப்பது? குப்புராஜுக்கு ஆள் அனுப்பிவிடலாமா — இல்லை. நாளைக்கும் பார்ப்போம்.

செப்டம்பர் 14
சத்தம்! சென்றாயன் வீட்டிலிருந்துதான். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.
ஒரே ஒரு தறி. அவரே உட்கார்ந்து நெய்கிறார். சேர்ந்து நெய்ததில் மிஞ்சிய என் நூலில் மகளுக்குக் கல்யாணச் சேலை. "நீங்க வருவீங்கன்னு தெரியுங்க. எல்லாத் தறியவும் பாத்துட்டே போங்க" என்றார். மானத்தை விட்டுப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மற்றதெல்லாம் வெறும் தறி. அவர் தலை நிமிரவில்லை.

செப்டம்பர் 19
தீபாவளிக்கு அதிக நாள் இல்லை. அத்தனை சேலையும் ஒருவர் தறியில் முடியாது என்று குப்புராஜுக்கு உறைத்துவிட்டது போல. சாயப்பட்டறையில் வந்து உட்கார்ந்துகொண்டு இருவருக்கும் ஆள் அனுப்பினார்.
நான் போனபோது சென்றாயன் பட்டறைக்கு வெளியே, உச்சி வெயிலில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.
"அவரு உள்ளார கூப்புட்டுக்கிட்டேதாங்க இருக்காரு" என்றார். "நீங்க வரட்டும்னு நின்னேன்."