ஒன்பதாம் எண் சட்டை

செஞ்சி,
11.2.1989

அன்புள்ள தனகோட்டிக்கு,

அந்தக் கடைசிக் கூடையை நான் போடவில்லை. நான்தான் போட்டேன் என்று செஞ்சியில் நாற்பது ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். போன வாரம் பெண்கள் பள்ளி விளையாட்டு விழாவில் தலைமையாசிரியை ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார். ஊர் சொன்னால் போகட்டும். நம் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் வரலாற்றை எழுதுகிற நீயே, எனக்குப் பார்க்க அனுப்பிய பக்கங்களில் அப்படி எழுதலாமா? போட்டவள் நீ அல்லவா?

முதலில் மற்றப் பிழைகள். கான்வென்ட்டில் படித்தவளுக்குப் பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. 1949-இல் நமக்கு சிமெண்ட் தரை ஏது? விடுதிக்குப் பின்னால் மண் தரை. நாமே சாணம் தெளித்துப் பெருக்கினோம். அணியைத் துணைவேந்தர் தொடங்கவில்லை. நாம் பத்துப் பேரும் மூன்று முறை மனு கொடுத்த பிறகு அனுமதித்தார், அவ்வளவுதான். கம்பத்தில் ஏறி வளையத்தைக் கட்டிய, விடுதியில் வேலை பார்த்த பூவாயியின் பெயரையே காணோம்.

இனி அந்த இறுதி ஆட்டம். பத்துப் பேருக்கு, நான்காம் எண்ணில் தொடங்கி எட்டுச் சட்டைதான் கொடுத்தார்கள். உன்னையும் சேர்த்து இரண்டு பேருக்குச் சட்டை இல்லை. நீங்கள் இறங்க வேண்டுமானால், மற்றவர்கள் போர்வையைச் சுற்றிப் பிடிக்க, வெளியே வந்தவளின் சட்டையை மாட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்குக் கணுக்கால் பிசகியது. “இன்னாடி, கெணத்துல முக்கி எடுத்தாப்புல இருக்குது” என்று திட்டிக்கொண்டே என் வியர்வையில் நனைந்த ஒன்பதாம் எண் சட்டையோடு நீ ஓடினாய். கூடை விழுந்தது. புள்ளி குறித்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்து என் பெயரை எழுதினார். மறுநாள் பத்திரிகையிலும் அதே பெயர்.

அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டுதான் சைபுதீன் வீட்டார் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். நிக்காஹ் அன்று நீ என் காதருகில், “கூடை என்னுது, மாப்ள ஒன்னுதா? சரி, வச்சிக்கோ போ” என்றாய். நான் சிரித்தேன். அன்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மேல்சித்தாமூரிலிருந்து எங்கள் இரும்புக்கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்களிடம்கூட அவர், “எங்க வூட்டம்மா போட்ட கூடையிலதான் கப்பே வந்துச்சு, தெரியுமா?” என்பார். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க எனக்கு வாய் வரவில்லை. உன்னிடமே ஒருமுறை சொன்னார். நீயும், “ஆமாண்ணே, நான் பக்கத்துலதான் இருந்தேன்” என்றாய்.

அவர் காலமாகி ஏழு மாதமாகிறது. நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்த இத்தாவும் முடிந்துவிட்டது. இனி அந்தக் கதையைச் சொல்லிச் சந்தோஷப்பட யாரும் இல்லை. நாற்பது ஆண்டுகள் நீ வாயைத் திறக்காமல் இருந்தது அவருக்காக மட்டுமல்ல, எனக்காகவும்தான் என்பது எனக்குத் தெரியும். அதற்கு நன்றி சொல்ல நான் வெட்கப்பட்டேன். இப்போது சொல்கிறேன்.

புத்தகம் மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். பக்கங்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரைப் போடு. கணுக்கால் பிசகி வெளியேறினாள் என்று என்னைப் பற்றி ஒரு வரி போதும். அடிக்க மனம் வராவிட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி எனக்கே அனுப்பு, நானே அடிக்கிறேன்.

உன் முழங்கால் வலி குறைய துஆ செய்கிறேன். யாரிடமாவது சொல்லி அனுப்பி மழுப்பாதே. திருத்திவிட்டாயா என்பதை உன் கையாலேயே எனக்கு எழுது.

அன்புடன்,
ஜாஹிதா பேகம்