இடிக்குப் பயந்து பிடுங்கிய பிளக்

செவ்வாய், இரவு.

மாலை வீட்டில் இருந்தது நான், என் கணவர், மகள் கவிதா மூவர்தான். புது ரவுட்டர் வாங்கியதிலிருந்தே இணையம் விட்டுவிட்டுத்தான் வந்தது. கடைக்காரரிடம் கேட்டால், "புது மாடல்க்கா, சாஃப்ட்வேர் இன்னும் சரியா செட்டாகல. அப்டேட் போட்டா ஓகே ஆயிரும்லா" என்றார். கவிதா அதைப் போட்டுவிட்டு, "அப்டேட் முடியிற வரைக்கும் இத மட்டும் தொடாதீங்கம்மா" என்று சொல்லிக் குளிக்கப் போனாள். இடி இடித்தது. பழக்கத்தில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். ரவுட்டர் பிளக்கையும்தான். மீண்டும் மாட்டினால் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் இல்லை.

"அலமாக், ஐயோ! காலைல வீடியோ இன்டர்வியூ! கடைக்காரன் குப்பைய வித்துட்டான்" என்று கவிதா அழுதாள். எங்கள் ஊர் காஹாங்கில் போன் லைன் வீடியோவுக்குத் தாங்காது. "நாளைக்கு அவன ஒரு புடி புடிக்கிறேன்" என்றார் கணவர். பிளக்கைப் பிடுங்கியதை நான் மறைத்துவிட்டேன். முருகனுக்கு விளக்கேற்றவே கை கூசியது.

இப்போதுதான் கடைக்காரருக்கு எழுதி அனுப்பினேன்: "தம்பி, அப்டேட் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினது நான். சரி பண்ண வழி இருக்கா? சீக்கிரம் பதில் போடுங்க."